பார்த்தவர் கூண்டில் ஏற வேண்டும்

ஆமத்தூர்க்காரன் நான். விருதுநகர், சிவகாசி, சாத்தூர் நீதிமன்றங்களில் குற்ற வழக்குகள் நடத்தி, செஷன்ஸ் வழக்கென்றால் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறிப் போய்த்தான் என் தொழில் காலம் கழிந்தது. அதில் நான் அதிகம் செய்த வேலை சாட்சிகளிடம் கேள்வி கேட்பது. சினிமா பார்த்துவிட்டு வரும் கட்சிக்காரர்கள், "நல்லா மடக்குங்க சார்" என்பார்கள். மடக்குவது குறுக்கு விசாரணையில் ஒரு சிறிய பகுதி. ஒருவர்மீது குற்றம் சொல்பவர் அவர் முன்னாலேயே வந்து, சத்தியப் பிரமாணம் எடுத்து, அவர் தரப்புக் கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்பதே அதன் சாரம். அந்தப் பதில் வரும்வரை குற்றச்சாட்டு வெறும் காகிதம்தான்.

ஜூனியராகச் சேர்ந்த புதிதில் என் சீனியர் என்னைப் பேசவே விடவில்லை. கேஸ் கட்டைக் கொடுத்து 161 ஸ்டேட்மெண்டுகளை வரிவரியாகப் படிக்கச் சொல்வார். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 161-வது பிரிவுப்படி போலீஸார் விசாரணையின்போது சாட்சிகளிடம் கேட்டு எழுதிக்கொள்வது அது. அதில் சாட்சி கையெழுத்துப் போடுவதில்லை. அதை வைத்து யாரையும் தண்டிக்கவும் முடியாது. அதே சாட்சி கூண்டில் ஏறி வேறு மாதிரி சொன்னால், அந்த முரண்பாட்டைக் காட்ட மட்டும் அது பயன்படும். முன்பு சொன்ன பகுதியைச் சாட்சிக்குச் சுட்டிக்காட்டிக் கேட்க வேண்டும். பிறகு விசாரணை அதிகாரி சாட்சி சொல்ல வரும்போது அவர் மூலம் அதை நிரூபிக்க வேண்டும். 1959-இல் தாசில்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையெல்லாம் அலசியிருக்கிறது. எங்கள் ஆபீஸில் அந்தத் தீர்ப்பைப் படிக்காமல் யாரும் கவுனைத் தொட முடியாது.

ஒரு பங்குனிப் பொங்கல் சமயத்தில் பக்கத்துக் கிராமத்தில் நடந்த அடிதடி வழக்கு அது. நேரில் பார்த்ததாக ஐந்து பேர். ஐந்து பேர் வாக்குமூலமும் ஒரே வாக்கியத்தில் தொடங்கி ஒரே வாக்கியத்தில் முடிந்தன. அவர்களில் ஒருவர் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி. முதல் விசாரணையில் அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் "ஆமா" என்று சொல்லிவிட்டார். சீனியர் எழுந்து, "பாட்டி, அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"வீட்லதான்யா. பொங்கப் பானைய எறக்கிக்கிட்டு இருந்தேன்."

"எப்ப வெளிய வந்தீங்க?"

"கொட்டுச் சத்தம் ஓஞ்ச பிறகு. கூட்டமா நின்னாக. அந்தப் பய கீழ கெடந்தான்."

"யாரு அடிச்சதுன்னு எப்படித் தெரியும்?"

"எல்லாரும் சொன்னாகய்யா."

சீனியர் உட்கார்ந்துவிட்டார். குரலை உயர்த்தவில்லை, பாட்டியைப் பொய்க்காரி ஆக்கவுமில்லை. பாட்டி பொய் சொல்லவே இல்லை. அவர் பெயரில் எழுதப்பட்ட காகிதம்தான் அவர் பார்க்காததைப் பார்த்ததாகச் சொன்னது. நல்ல சாட்சியைத் திட்டிக் கெடுக்கிற வக்கீல்களை அதன்பிறகு நிறையப் பார்த்தேன். கேள்வி மரியாதையோடு வந்தால் உண்மை சொல்ல வருகிறவர்கள்தான் எங்கள் ஊர்களில் அதிகம்.

சாட்சியம் பதியப்படும் விதம் என் கண்முன்னே மாறியது. ஆரம்பத்தில் மாஜிஸ்திரேட்டே கைப்பட எழுதிய நீதிமன்றங்களைப் பார்த்திருக்கிறேன். பிறகு டைப்ரைட்டர் வந்தது, இப்போது கம்ப்யூட்டர். திரையில் ஓடும் வரிகளைப் பார்த்து, "ஐயா, சாட்சி அப்படிச் சொல்லல" என்று அங்கேயே திருத்தச் சொல்ல முடிவது பெரிய முன்னேற்றம். மாறாமல் இருப்பது ஒன்றுண்டு. நாங்கள் கேட்கும் கேள்வி பதிவில் இருக்காது. கேள்வியும் பதிலும் ஒன்றாகி, சாட்சியே சொன்ன கதைபோல எழுதப்படும். எங்கள் தரப்பு வாதத்தை நாங்கள் முன்வைத்து, சாட்சி மறுத்தால் "என்று சொன்னால் சரியல்ல" என்று முடியும். முக்கியமான இடங்களில் கேள்வியையும் பதிலையும் அப்படியே பதியும்படி நீதிபதியைக் கேட்கலாம். சட்டம் இடம் கொடுக்கிறது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் பார்ப்பது சாட்சியின் முகத்தை அல்ல, இந்தத் தாளை. அதனால் இதற்காக நான் எப்போதும் மன்றாடுவேன்.

எங்கள் பகுதி வழக்குகளுக்கென்று ஒரு முகம் இருக்கிறது. அது பட்டாசு விபத்து. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காப்பாற்ற ஓடியவர்களும் அதில் அடக்கம். 2021 பிப்ரவரியில் சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் இன்னொரு பெரிய விபத்து. பத்திரிகையில் இரண்டு நாள் வந்து மறைகிற சிறிய விபத்துகள் தனி. எந்த விபத்தானாலும் வழக்கு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும். கிராம நிர்வாக அலுவலர் புகார் கொடுப்பார். அவர் வெடிப்பைப் பார்த்தவர் அல்ல. தலையாரி சொல்லி வந்தவர். ஆனால் அரசுத் தரப்பு முதல் சாட்சி அவர்தான். அவருக்குப் பின் மகஜர் சாட்சிகள், காயம்பட்டவர்கள், டாக்டர்கள், வெடிபொருள் துறை அதிகாரி, தடயவியல் நிபுணர், விசாரணை அதிகாரி என்று வரிசை நீளும்.

யாரைக் குற்றவாளியாகக் காட்டுகிறார்கள் என்பதில்தான் பிரச்சினை. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். மாவட்ட வருவாய் அலுவலர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியும். அறைகளையோ வேறொருவர் சட்டத்துக்குப் புறம்பாகக் குத்தகைக்கு எடுத்து நடத்துவார். விபத்து நடந்ததும் முதலில் கைதாவது போர்மேன். அவரும் தினமும் அதே வேனில் வேலைக்குப் போகிற ஆள்தான்.

அப்படி ஒரு போர்மேனுக்காக நான் ஆஜரான வழக்கு இன்னும் மனதில் நிற்கிறது. தீபாவளிக்கு முந்தைய பரபரப்பில், மருந்து கலக்கும் அறையில் உராய்வு ஏற்பட்டு வெடித்தது. பலத்த தீக்காயத்தோடு மருத்துவமனையில் சேர்ந்த ஒரு தொழிலாளியிடம் மாஜிஸ்திரேட் மரண வாக்குமூலம் வாங்கினார். "போர்மேன் சீக்கிரம் சீக்கிரம்னு அவசரப்படுத்தினார்" என்று அவர் சொல்லியிருந்தார். மறுநாள் இறந்துவிட்டார். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் தொழிலாளியும் கிட்டத்தட்ட அதையே சொன்னார். அவர் பிழைத்துக்கொண்டார்.

இறந்தவரைக் கூண்டில் ஏற்ற முடியாது. அதனால்தான் சாட்சியச் சட்டம் 1872-இலிருந்தே மரண வாக்குமூலத்துக்கு விதிவிலக்குக் கொடுத்திருக்கிறது. நம்பத்தகுந்ததாக இருந்தால் அதை மட்டும் வைத்தே தண்டிக்கலாம் என்று 1957-இல் குஷால் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. குறுக்கு விசாரணையில் சோதிக்கப்படாதது என்பதால் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு எச்சரித்தது. நல்ல நினைவோடு இருந்தார் என்ற டாக்டர் சான்று இல்லாவிட்டாலும், வாக்குமூலம் வாங்கியவருக்கு அது திருப்தியாகத் தெரிந்தால் போதும் என்று 2002-இல் லக்ஷ்மண் வழக்கில் அரசியல் சாசன அமர்வு கூறியது. இந்த நிலையில் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு மிச்சம் இருப்பவர்கள் மாஜிஸ்திரேட்டும் டாக்டரும்தான். வலி நிவாரண ஊசி எப்போது போடப்பட்டது, உறவினர்கள் பக்கத்தில் நின்றார்களா, கேள்வி பதிலாக எழுதப்பட்டதா, கை வெந்திருந்தால் ரேகை எந்த விரலில் வாங்கப்பட்டது என்று கேட்கலாம். இறந்தவர் சொன்னதற்கு என்ன பொருள் என்று மட்டும் கேட்க வழியில்லை.

பிழைத்தவர் விஷயம் வேறு. சொன்னவர் உயிரோடு இருந்தால் அது மரண வாக்குமூலம் ஆகாது. அவர் நேரில் வந்துதான் சொல்லியாக வேண்டும். அந்தப் பெண் வந்தார். புறங்கைத் தோல் சுருங்கி, விரல்கள் முழுதாக மடங்காத நிலையில் கூண்டில் நின்றார். நீதிபதி அவருக்கு நாற்காலி போடச் சொன்னார். நான் கேட்டது நாலைந்து கேள்விதான்.

"போர்மேன் அவசரப்படுத்துனாருன்னு சொன்னீங்கம்மா. அவர யாரு அவசரப்படுத்துனா?"

"குத்தகைக்கு எடுத்தவுக காலையில வந்து சத்தம் போட்டுட்டுப் போனாகய்யா. சாயங்காலம் லாரி வருது, சரக்கு நிக்கக்கூடாதுன்னாக."

"அந்த ரூம்ல எத்தன பேரு இருந்தீங்க?"

"எப்பவும் உள்ள ஆளவிட அன்னைக்குக் கூட. 'இத்தன பேரு ஒரே ரூம்ல வேணாம்'னு போர்மேன் அண்ணன்தான் சொன்னாரு. அவரு பேச்ச யாரு கேக்கா?"

அந்தப் பதில்களில் வழக்கின் திசை மாறியது. குத்தகை என்ற சொல் அதுவரை எந்தக் காகிதத்திலும் இல்லை. மாஜிஸ்திரேட் என்ன நடந்தது என்று கேட்டார். அவர் கடமை அது. போலீஸார் யார் பக்கத்தில் நின்றார்கள் என்று கேட்டார்கள். அந்தப் பெண்ணுக்குத் தெரிந்த மீதியை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. போர்மேன் சந்தேகத்தின் பலனில் விடுதலையானார். இறந்த தொழிலாளியிடமும் இதே கேள்வியைக் கேட்க முடிந்திருந்தால் அவரும் இதையேதான் சொல்லியிருப்பார் என்று நம்புகிறேன். அவர் வாக்குமூலம் பொய் இல்லை. பாதியில் நின்றுபோன உண்மை அது.

இந்த வழக்கு ஓர் அதிர்ஷ்டம். பல விபத்து வழக்குகளில் காயம்பட்ட தொழிலாளிகள் பிறழ் சாட்சி ஆகிவிடுவார்கள். "எனக்கு ஒண்ணும் தெரியாது, நான் மயங்கிட்டேன்" என்பதோடு முடிந்துவிடும். நிவாரணத் தொகை கைக்கு வந்திருக்கும். வீட்டில் இன்னொருவர் அதே ஆலையில் வேலை பார்ப்பார். எதிர்த்தரப்பு வக்கீலாக எனக்கு அது லாபம்தான். ஆனாலும் ஏன் வெடித்தது என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் அந்தக் கட்டு மூடப்படும். அடுத்த விபத்துக்கு அங்கேயே வழி திறந்திருக்கும். சாட்சியை எதிர்கொள்ளும் உரிமை குற்றம் சாட்டப்பட்டவருக்கு மட்டும் தேவையானது என்று நினைத்துவிடக் கூடாது. பிறழ்ந்த சாட்சியை அரசு வக்கீலும் நீதிமன்ற அனுமதியோடு குறுக்கு விசாரணை செய்யலாம். அப்படிப்பட்டவர் சொன்னது முழுவதும் அழிந்துபோவதில்லை. நம்பத்தகுந்த பகுதியை ஏற்கலாம் என்று சத் பால் வழக்கில் 1975-இலேயே தீர்ப்பு வந்துவிட்டது. நடைமுறையில் பல அரசு வக்கீல்கள் போலீஸ் வாக்குமூலத்தை அப்படியே வாசித்து, "அப்படிச் சொல்லவில்லை" என்று பதில் வாங்கி உட்கார்ந்துவிடுகிறார்கள்.

கோகுல்ராஜ் கொலை வழக்கைத் தமிழ்நாடே கவனித்தது. 2015-இல் நடந்த கொலை. விசாரணை நாமக்கல்லில் இருந்து மதுரை சிறப்பு நீதிமன்றத்துக்கு மாறியது. முக்கிய சாட்சி பிறழ்ந்தார். திருச்செங்கோடு கோயில் கேமராப் பதிவு உள்ளிட்ட மற்ற ஆதாரங்கள் நின்றன. 2022 மார்ச்சில் ஆயுள் தண்டனைகள் வந்தன. மேல்முறையீட்டின்போது உயர் நீதிமன்றம் அந்தச் சாட்சியை மறுபடியும் வரவழைத்து நேரில் கேட்டது. 2023 ஜூனில் தண்டனை உறுதியானது. உண்மை தெரிய வேண்டுமென்றால் நீதிமன்றமே கேள்வி கேட்கலாம் என்பதற்கு எங்கள் ஜூனியர்களிடம் இந்த வழக்கைத்தான் சொல்வேன்.

சாட்சிகள் பிறழ்வதற்குப் பெரிய காரணம் மிரட்டல் என்பார்கள். என் அனுபவத்தில் அதைவிடப் பெரிய காரணம் வாய்தா. இன்று முதல் விசாரணை முடியும், குறுக்கு விசாரணைக்கு எதிர்த்தரப்பு அவகாசம் கேட்கும், நீதிமன்றம் கொடுக்கும். மாதங்கள் ஓடும். அந்த இடைவெளியில் டீக்கடையிலும் கோயில் வாசலிலும் கல்யாண வீட்டிலும் சாட்சியைச் சந்திக்காத ஆள் இருக்கமாட்டார். 2015-இல் வினோத் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வேதனைப்பட்டது இதைப் பற்றித்தான். அங்கே ஒரு சாட்சியின் முதல் விசாரணைக்கும் குறுக்கு விசாரணைக்கும் நடுவே ஏறத்தாழ 20 மாதம். கூடியவரை அன்றைக்கே முடியுங்கள் என்றது நீதிமன்றம். நான் முதல் நாள் இரவே தயார் செய்துகொண்டு அன்றே கேட்டுவிடுவேன். நியாயமான கேள்விக்கு அவகாசம் தேவைப்படுவது அபூர்வம். பட்டாசுத் தொழிலாளி ஒருநாள் கோர்ட்டுக்கு வந்தால் அன்றைய கூலி போச்சு. வந்து நின்றபின் "இன்னைக்கு இல்ல, அடுத்த மாசம்" என்றால் அவர் எந்த நம்பிக்கையில் திரும்பி வருவார்?

குழந்தைகள் சாட்சி சொல்லும் வழக்குகளில் நான் பார்த்த மாற்றம் மனதுக்கு நிறைவு தருவது. ஒரு காலத்தில் பாதிக்கப்பட்ட சிறுமி, குற்றம் சாட்டப்பட்டவர் பத்தடி தூரத்தில் முறைத்துக்கொண்டிருக்க, கூச்சத்தில் அழுதபடி பதில் சொல்ல வேண்டியிருந்தது. 2004-இல் சாக்ஷி வழக்கில் உச்ச நீதிமன்றம் திரை போடச் சொன்னது; கேள்விகளை எழுதி நீதிபதியிடம் கொடுக்கச் சொன்னது. 2012-இல் வந்த போக்சோ சட்டம் அதை முறையாக்கியது. இப்போது நாங்கள் கேள்வியைச் சொன்னால் நீதிபதிதான் குழந்தையிடம் கேட்பார். குற்றம் சாட்டப்பட்டவர் சாட்சியத்தைக் கேட்க முடியும். குழந்தை அவரைப் பார்க்க வேண்டியதில்லை. கட்சிக்காரரின் உரிமை குறைந்துவிட்டது என்று சில வக்கீல்கள் வருத்தப்பட்டார்கள். நான் ஸ்ரீவில்லிபுத்தூர் போக்சோ நீதிமன்றத்தில் அப்படித்தான் வழக்கு நடத்தினேன். பொய்ப் புகார் என்று காட்ட வேண்டிய வழக்கிலும் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்க முடிந்தது. கேள்வி கேட்பதுதான் உரிமை; பயமுறுத்துவது ஒருபோதும் உரிமையாக இருந்ததில்லை.

இதற்கு நேர் எதிரான கொடுமையும் உண்டு. சாட்சி வருவார், சொல்வார், "குறுக்கு விசாரணை இல்லை" என்று பதிவாகும். காரணம், குற்றம் சாட்டப்பட்டவருக்கு வக்கீல் இல்லை. அல்லது பீஸ் வராததால் வக்கீல் வரவில்லை. டெல்லியில் நடந்த முகமது உசேன் வழக்கில் பெரும்பாலான சாட்சிகள் வக்கீலே இல்லாமல் விசாரிக்கப்பட்டு, மரண தண்டனை வரை போய்விட்டது. 2012-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்து, புதிதாக விசாரிக்க உத்தரவிட்டது. எங்கள் பக்கமும் சிறையில் இருந்தபடி வழக்கை எதிர்கொள்ளும் கூலித் தொழிலாளிகளுக்கு இந்த ஆபத்து எப்போதும் இருந்தது. 2022-இல் இலவச சட்ட உதவிக்கென்று முழுநேர எதிர்த்தரப்பு வக்கீல்களை அமர்த்தும் திட்டம் வந்தபிறகு ஓரளவு நிலைமை தேறியிருக்கிறது.

2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்கள் வந்துவிட்டன. சாட்சியச் சட்டம் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் ஆனது. குற்றவியல் நடைமுறைச் சட்டம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா ஆனது. குறுக்கு விசாரணை உரிமை எண் மாறி அப்படியே இருக்கிறது. சாட்சி வீடியோவில் வரலாம் என்பதும் புதிதல்ல. 2003-இல் பிரஃபுல் தேசாய் வழக்கிலேயே அது நேரில் வருவதற்குச் சமம் என்று சொல்லிவிட்டார்கள். கொரோனா காலத்தில் பழகியும்விட்டோம். எனக்குக் கவலை தருவது சுரக்ஷா சன்ஹிதாவின் 336-வது பிரிவு. ஓர் அறிக்கையை எழுதிய அதிகாரி மாற்றலாகியோ ஓய்வுபெற்றோ போய்விட்டால், அவர் இடத்தில் இப்போது இருப்பவர் வந்து அந்த அறிக்கையைப் பற்றிச் சாட்சி சொல்லலாம் என்கிறது அது. நேரம் மிச்சமாகும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் விபத்து வழக்குகள் விசாரணைக்கு வரும்போது முதலில் இடத்தைப் பார்த்த தாசில்தார், இன்ஸ்பெக்டர் எல்லோரும் மாறிப்போயிருப்பார்கள். "அறையின் கதவு உள்பக்கம் திறந்ததா, வெளிப்பக்கமா?" என்று நான் கேட்டால், பின்னால் வந்தவர் கோப்பைப் பார்த்துத்தான் சொல்வார். கோப்பில் இல்லாததைக் கேட்பதற்குத்தானே குறுக்கு விசாரணை?

வெடிபொருள் துறைத் தலைமை அதிகாரியின் அறிக்கையை அவர் வராமலேயே ஆதாரமாக ஏற்கலாம் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 293-வது பிரிவிலேயே இருந்தது. நீதிமன்றம் நினைத்தால் அவரை வரவழைக்கலாம் என்றும் அதே பிரிவு சொன்னது. உராய்வா, மருந்துக் கலவையில் கோளாறா, மின்கசிவா என்பதில் ஒருவரின் சிறைவாசம் தொங்கும்போது, அவரை வரவழைக்க வேண்டும் என்று மனுப் போடுவது வக்கீலின் கடமை. அமெரிக்காவில் 2009-இல் மெலெண்டஸ் டயஸ் வழக்கில் ஆய்வகச் சான்றிதழை மட்டும் கொடுத்துத் தண்டிக்க முடியாது, சோதித்தவர் வர வேண்டும் என்று தீர்ப்பானது. அங்கே சாட்சியை எதிர்கொள்வது 1791-இலிருந்து அரசியல் சாசன உரிமை. இங்கிலாந்தில் 1603-இல் வால்டர் ராலே, தன்னைக் காட்டிக்கொடுத்த கோபாம் (Cobham) பிரபுவை எதிரில் நிறுத்திக் கேளுங்கள் என்று கெஞ்சியும், உயிரோடு இருந்த அவரைக் கூட்டிவராமலே தண்டித்தார்கள். அந்த அநீதியின் நினைவு இந்த உரிமைக்குப் பின்னால் இருக்கிறது. நம் அரசியல் சாசனத்தில் இந்த உரிமை தனி வரியாக எழுதப்படவில்லை. 21-வது பிரிவு உறுதி தரும் நியாயமான விசாரணைக்குள் அது அடங்கும்.

சட்டத்தில் இந்த உரிமை பத்திரமாக இருக்கிறது. அது தொலைவது நடைமுறையில். முதல் விசாரணையும் குறுக்கு விசாரணையும் ஒரே நாளில் முடியட்டும். கோர்ட்டுக்கு வரும் கூலித் தொழிலாளிக்கு அன்றைய சம்பளத்துக்குக் குறையாத படியை, அலையவிடாமல் அன்றே கொடுக்கட்டும். அறிக்கை எழுதியவர் நடமாடக்கூடிய நிலையில் இருந்தால் அவரே வரட்டும், வீடியோவிலாவது வரட்டும். இவற்றில் எதற்கும் புதிய சட்டம் வேண்டாம். நீதிபதியும் இரு தரப்பு வக்கீல்களும் மனம் வைத்தால் போதும். என்னிடம் வரும் ஜூனியர்களுக்கும் நான் சொல்வது இதைத்தான்: கட்டை முழுதாகப் படித்துவிட்டுப் போங்கள், அன்றைக்கே கேளுங்கள், பார்த்தவரைக் கேளுங்கள்.